கீழே ஆண்கள், மேலே பெண்கள்

பதிவேட்டில் ஒன்பது கட்டங்கள்.
பெயர், வயது, ஊர், ஆதார்,
வந்த நேரம், போன நேரம்,
நோய் உண்டா, உறவு யார்,
கையெழுத்து அல்லது கைநாட்டு.
கோடு போட்டுத் தந்தது மாநகராட்சி.
நிரப்புவது நான்.

மார்கழியில் ஓசூர்க் குளிர்
சிப்காட் கடைசி ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்கும்.
பத்தரைக்கு எங்கள் ஜீப் கிளம்பும்.
பேருந்து நிலையத்தில் தூங்குகிறவர்களை
டார்ச் அடித்து எழுப்பி
தூங்க வாங்க என்று கூப்பிடுவோம்.
டிரைவர் நஞ்சுண்டன் தினமும் இதற்குச் சிரிப்பான்.

அன்று திம்மராயனும் அவர் மனைவியும்
ஒரு சாக்கின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.
மாங்கூழ் ஆலை ஓடுகிற மாதங்களில் கிருஷ்ணகிரி,
மிச்ச நாளெல்லாம் இங்கே
பூ மார்க்கெட்டில் ரோஜாக்கட்டு இறக்குவது.
ஊர்?
"நாலாம் நடைமேடை. தளி பஸ் நிக்குதே, அங்க."
அது ஊர் இல்லைங்களே.
"பதினோரு வருசம் இருந்தா ஊர்தான். எழுதும்மா."
எழுதினேன்.

அவள் பெயர் கெம்பம்மா.
கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்ததில்
ரேகைக்குக் குறுக்கே முள் கிழித்த வடுவும் விழுந்தது.
வீட்டுக்காரர் பெயர்? என்றேன், உறவுக் கட்டத்துக்காக.
அவள் அவரைப் பார்த்தாள். அவரே இன்னொரு தரம் சொன்னார்.
"நான் சொல்றதில்ல. வலிப்பு வந்தா மட்டும் சொல்லுவேன்.
வேற யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு."
நோய்க் கட்டத்தில் வலிப்பு என்று எழுதினேன்.

பிறகு விதியைச் சொன்னேன்.
கீழே ஆண்கள், மேலே பெண்கள்,
நடுவில் மாடிப்படிக் கதவு, கதவுக்குப் பூட்டு.
மோசமான இடம் இல்லை இது.
சுடுதண்ணீர் உண்டு, எட்டு மணிக்குச் சோறு உண்டு.
போன தை மாதம் சர்க்கிள் பக்கம்
விறைத்துக் கிடந்தவரைத் தூக்கியவள் நான்.
அந்தப் பூட்டு இருப்பதால்தான்
மேலே பதினான்கு பேர் கண்ணை மூடுகிறார்கள்.

"போ. கட்டில் போட்டிருக்காங்க. கால நீட்டிப் படு" என்றார்.
சாக்கைப் பிரித்தார்கள். அதற்கே கால்மணி நேரம் ஆனது.
அவர் பீடி, அவள் வெற்றிலை,
அவர் சட்டை, அவள் சேலை, ஒரு தட்டு.
தட்டு யாருக்கு என்று தெரியாமல்
என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டரை மணிக்குக் கட்டில் தரையில் உதைபடும் சத்தம்.
ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்று
இரும்பு கொடு, கையில சாவி கொடு என்றார்கள்.
என் இடுப்பிலிருந்து பிடுங்கி
யாரோ அவர் உள்ளங்கையில் திணித்த பிறகுதான் உறைத்தது,
அது மாடிப்படிச் சாவி.
மூடிய விரல்களைப் பிரிக்க முடியவில்லை.
திம்மராயா, அண்ணா, யோவ், பெருசு,
ஆளுக்கு ஒன்றாகக் கூப்பிட்டோம்.

கதவுக்கு அந்தப் பக்கம்
கடைசிப் படியில் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள்.
தட்டவில்லை. கத்தவில்லை.
சோறு ஆறிவிடும், வா என்று சொல்கிற குரலில்
திம்மராயா என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.
சாவி சிமெண்டில் விழுந்த சத்தம்
மாடியில் எல்லாருக்கும் கேட்டதாம்.

போன நேரம் 5.40.
கம்பளி இருப்பு நாற்பதுக்கு முப்பத்தொன்பது.
தட்டை மறக்கவில்லை.

அடுத்த ராத்திரி நாலாம் நடைமேடை.
டார்ச் வெளிச்சத்தில் ஒரே கம்பளிக்குள் நாலு பாதம்,
ஓரத்தில் மாநகராட்சி முத்திரை.
கெம்பம்மா விழித்திருந்தாள்.
என்னைப் பார்த்தும் முத்திரையை மறைக்கவில்லை.
"எழுப்பவா மேடம்?" என்றான் நஞ்சுண்டன்.
வேண்டாம், வண்டியை எடு என்றேன்.

இருப்புப் பதிவேட்டில்
கம்பளி கிழிந்தது, ஒன்று என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
நல்லவேளை, அதற்கு ஒரு கட்டம் இருந்தது.